வீட்டுக்கு ஒரு பாஸ்

கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம்
எங்கள் ஒழுங்கை வாயில்
இரண்டு மரக்குற்றியும் ஒரு குறுக்குக் கம்பும் வந்து நின்றன.
வாகனப் பாஸ் வீட்டுக்கு ஒன்று என்றார்கள்.
அந்த ஒன்றை
கொழும்பிலிருந்து காரோடு வந்த கொழுந்தன்
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.
இருபத்தைந்து நாளும் அந்தக் கார்
மாமரத்தின் கீழ் நின்று காகத்தின் எச்சம் வாங்கியதையும்
சொல்லத்தான் வேணும்.

எனக்குக் காலை ஏழுக்கு ஆஸ்பத்திரியில் கடமை.
இரத்தம் குடுக்க வெறும் வயிற்றோடு நிற்கிற சனம்
நல்லூரில் திருவிழா என்று பொறுக்குமா?

மகள் பேராதனைக்குப் போன நாள்முதல்
கோழிக்கூட்டில் சாய்ந்திருந்த சைக்கிளை வெளியே இழுத்தேன்.
முன்கூடைக்குள் பேடு முட்டையிட்டிருந்தது.
முட்டையைக் குசினியில் வைத்துவிட்டு வந்து
காத்தடித்தேன்.
விடியுமுன் பின்ரயர் படுத்துவிட்டது.

"நல்லூரானுக்குக் கொடி ஏறினால்
எனக்கெல்லோ அக்கா சீசன்" என்றான் மரியநேசம்,
ரியூபைத் தண்ணிக்குள் அமத்திக் குமிழி தேடியபடி.
அவன் வாசலில் எனக்கு முன்னே ஆறு சைக்கிள்.
ஆறும் துருப்பிடித்தவை.
ஆறும் என்னைப்போலப் பாஸ் கிடையாதவர்களுடையவை.

யாழ்ப்பாணம் தட்டை என்று படித்திருக்கிறோம்.
பொய்.
ஆவணியில் சோளகம் ஒரு மேடு.
போகும்போது அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்,
வரும்போது முதுகில்.
ஸ்கூட்டியில் ஏழு வருஷம் போய்வந்தும்
எனக்கு இது தெரியாது.

தேரன்று கடமை முடிந்து வந்தால்
சனத்துக்குள் ஊசி இறங்க இடமில்லை.
என் வீட்டுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி
யாரோ ஒருவரின் வளவில்
துவிச்சக்கரவண்டிப் பாதுகாப்பு நிலையம்.
பெடியன் மட்டையை இரண்டாய்க் கிழித்து
ஒரு பாதியை ஹாண்டிலில் கட்டி
மறுபாதியை என் கையில் தந்தான்: நானூற்றிப் பதினேழு.
ஹாண்டிலுக்குள் ஹாண்டில் கொழுவி
வாழைகளுக்கிடையில், கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலில்
சைக்கிள், சைக்கிள்.
ஆரோ ஒன்றை இழுக்க
ஒரு வரிசை முழுக்கச் சரிந்தது, மெதுவாக,
நித்திரை தூங்கிறவர்கள் ஆளில் ஆள் சாய்வதுபோல.
ஒருவரும் ஏசவில்லை.

பூங்காவனம் முடிந்தது.
கம்பு கழற்றினார்கள்.
கச்சான் கோதை நெரித்துக்கொண்டு
மோட்டச்சைக்கிள்கள் திரும்பி வந்தன.
என் ஸ்கூட்டியும் முதல் அடியிலேயே உயிர்த்தது.
சந்தைக்கு ஒருமுறை போய்வந்தேன்.
சுகமாய்த்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷமும்
எல்லாரும் உழக்கினோம்.
வரிசை குறைந்த அன்றே இறங்கிவிட்டோம்.
அதைத் தண்டனை என்றுதான் உழக்கினோம் போல.
திருவிழாவில் அப்படியில்லை.
பட்டுச்சீலையைச் செருகிக்கொண்டு வங்கி மனேச்சர் உழக்குகிறா,
பின்கரியரில் நாதஸ்வரப் பெட்டியோடு ஒருவர்,
அர்ச்சனைத் தட்டோடு ஒரு கையால் ஒரு பெட்டை.
ஏன் சைக்கிளிலை என்று
ஒருவரையும் ஒருவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டார்கள்.
"ஸ்கூட்டி பழுதோ?" என்றா ஜெனிற்றா மிஸ்.
இல்லை என்றேன்.
அதற்கு மேல் சொல்ல ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கொட்டகையில்
கொடிக்கு முன் ஒன்பது சைக்கிள் நிற்கும்,
காவலாளி எண்ணிச் சொன்னார்.
இப்ப பதினாலு.
பதினாலு ஒரு பெரிய எண் இல்லை.
அதில் ஒன்றில் பச்சைக்கயிற்றில்
மட்டை இன்னும் தொங்குகிறது; நானில்லை அது,
என்னுடையதை நான் அவிழ்த்துவிட்டேன்.

பேடு கூடை தேடி இரண்டு நாள் கத்தியது.
பிறகு ஸ்கூட்டியின் கால்தட்டில் படுக்கப் பழகிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடிக்கும்.
எங்கள் ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம் நிற்கும்.
அதை அப்ப பாப்பம்.
பின்மட்காட்டுக்கு ஒரு றப்பர்த் துண்டு
மரியநேசத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.